வெள்ளையாக விட்ட ஜன்னல்

“சரி சார்” என்று சுகிர்தாவின் வாய் சொல்லிவிட்டது. அவளைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை, அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. ரகோத்தமன் அவள் நாற்காலியின் முதுகை, வண்டிமாட்டைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவும் சாத்தியாகிவிட்டது. இப்போதுதான் அவளுக்குக் காதுமடல் சுட ஆரம்பிக்கிறது. எப்போதும் இப்படித்தான். பஸ் போன பிறகு மூச்சு வாங்க ஓடிவந்து நிற்கிற ஆள் அவளுடைய கோபம். “ஹால் ஜன்னலை மட்டும் வெள்ளையா விட்டுரும்மா. பளிச்சுனு வெடிக்கட்டும். நாலு மணிக்குள்ள சைட் ஆபீஸ் டேப்லெட்ல ஏறிடணும், ஃபேமிலிங்க பாக்க வர்றாங்க.” வெடிக்கட்டுமாம், என்ன தீபாவளியா? எதிரே திரையில் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் கட்டி முடியாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படம் செய்து கொடுக்கிற ஆபீஸ் இது. அதில் இவள் வேலை வெளிச்சம். எந்த ஜன்னலில் எந்த நேரத்து வெயில், அது தரையில் விழுந்து சுவரில் ஏறி மேற்கூரைக்குப் போகும்போது என்ன நிறமாகும் என்பதெல்லாம் இவள் பாடு. கறுப்பாகக் கிடக்கிற திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுத் தெளிந்துகொண்டு வருகின்றன. பூஜை அலமாரி வந்துவிட்டது. சோபாவின் ஒரு கை வந்துவிட்டது. சதுரம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்கிறது, வலப்பக்கக் கடைசியில் ஜன்னல். அது அங்கே போய்ச் சேர்வதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும். பண்ணியாயிற்று, எடுக்கவில்லை. மறுபடியும் பண்ண வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று இந்த ஆபீஸில் முழுசாகத் தெரிந்தவள் இவள்தான். போன மாதம் இவளே சைட்டுக்குப் போய், கம்பி நீட்டிக்கொண்டிருந்த மூன்றாவது மாடித் தளத்தில், ஹால் ஜன்னல் வரப்போகிற இடத்தில் கேமராவை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரே காட்சியை, கேமராவை இம்மிகூட அசைக்காமல், இருட்டாக ஒன்று, கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று, இன்னும் வெளிச்சமாக ஒன்று என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒன்றில் வெயில் சரியாக வரும், ஒன்றில் நிழல் சரியாக வரும், எல்லாவற்றையும் சேர்த்தால் கண் பார்த்தது அத்தனையும் ஒரே ஃபைலில் உட்கார்ந்துகொள்ளும். “இதெல்லாம் எதுக்கு மேடம், நெட்லேர்ந்து ஒரு வானத்தை எடுத்துப் போட்டுக்கலாமே” என்று பக்கத்தில் நின்று சொன்னான் பில்டரின் ஆள். அங்கே வானம் எங்கே இருந்தது? சுவர்தான் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தின் பின்பக்கச் சுவர், ஆறடி தள்ளி இருந்தால் அதிகம். பூச்சு உதிர்ந்த சிமெண்டு. மழைத்தண்ணீர் இறங்கி இறங்கிக் கறுத்த கோடுகள். மேலிருந்து கீழ்வரை கக்கூஸ் குழாய்கள், ஒரு குழாய் மூட்டில் முளைத்து நிற்கிற அரசங்கன்று. வெண்டிலேட்டருக்குப் பின்னால் யாரோ பல் விளக்கி முடித்துத் தொண்டைவரைக்கும் விரலை விட்டுக் காறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை எந்த ஃபைலில் சேர்ப்பது? ஆனாலும் ஒழுங்காகத்தான் எடுத்தாள். வேலை என்று வந்துவிட்டால் ஒழுங்கு. அரசிலையின் நுனிகூட வந்திருக்கிறது அதில். கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே வைத்தாள், ரகோத்தமன் பார்த்தார், பில்டரிடம் பேசினார், இன்று வந்து நாற்காலியைத் தட்டுகிறார்.

அந்த ஆள் பேசுவதில் முழுப் பொய் இருந்தால் தேவலை. “வெளிச்சம் ஜாஸ்தி இருந்தா ஜன்னல் வெளுத்துத்தாம்மா போகும், கேமராவுல அப்படித்தானே வரும், இதுல பொய் எங்க இருக்கு?” என்று கேட்டாரே, அதற்கு என்ன பதில் சொல்வது? கேமராவில் அப்படித்தான் வரும். உண்மைதான். கணினிக்குள் இருக்கும்வரை எந்த வெளிச்சமும் எண்தான். வெயிலுக்கு வெயில் அளவுக்கு ஒரு எண், சோபாவுக்கு அடியில் கிடக்கிற இருட்டுக்கு அந்த இருட்டு அளவுக்கு ஒரு எண், யாரும் யாருக்காகவும் ஒதுங்க வேண்டியதில்லை. திரைக்குத்தான் அவ்வளவு தெம்பு கிடையாது. அதனால் நசுக்க வேண்டும். டோன் மேப்பிங் என்று அதற்கு மரியாதையாக ஒரு பெயர். பெரிய வெளிச்சத்தைக் கீழே இழுத்து, இருட்டை மேலே தூக்கி, திரை தாங்குகிற அளவுக்குள் எல்லாவற்றையும் நெருக்கி உட்கார வைக்கிற வேலை. பங்கு பிரிக்கிற வேலைதான் அது, வேறென்ன. ஜன்னலுக்கும் ஒரு பங்கு வைத்தால் ஹால் கொஞ்சம் மங்கும், சுவர் தெரியும். வைக்காவிட்டால் ஹால் ஜொலிக்கும், ஜன்னல் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குப் பின்னால் தென்னந்தோப்பு இருக்கலாம், ஏரி இருக்கலாம், பார்க்கிறவர்கள் அவரவர் ஆசைப்பட்டதை வைத்துக்கொள்வார்கள். இதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தென்னைமரம் ஒன்றை வெட்டி ஒட்டு என்று சொல்லியிருந்தால் ‘அது பொய் சார், நான் செய்ய மாட்டேன்’ என்று சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா? கிழித்தாள். சரி, மனசிலாவது சொல்லியிருப்பாள். இந்த ஆள் பொய் சொல்லச் சொல்லவில்லையே, இருப்பதற்குப் பங்கு வைக்காதே என்றுதானே சொல்கிறார். பங்கு வைக்காமல் விட்டதைப் பற்றி ஏற்கெனவே ஒருவன் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறான், தென்காசியில், அக்கா கல்யாணத்தில். மண்டபத்து வாசலில் வெயில் கொளுத்துகிறது, அக்காவும் இவளும் கறுப்பு, அத்தானுக்குப் பால் நிறம், மேலே பட்டுவேட்டி பட்டுச்சட்டை. அந்தப் போட்டோகிராபர் சொன்னான், “மாப்பிள்ளை வேட்டி வெளுத்துரக் கூடாதுல்லா, அத வச்சுத்தான் எடுக்கணும்.” எடுத்தான். வேட்டியின் ஒவ்வொரு மடிப்பும் வந்திருந்தது. அக்கா நெற்றிச்சுட்டியும் பல்லுமாக வந்திருந்தாள். பின்னால் பன்னீர்ச்செம்புடன் நின்ற சுகிர்தா செம்பாக மட்டும் வந்திருந்தாள். அப்புறம் கேட்டதற்கு ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு மட்டும் அக்கா முகத்தைத் தூக்கிக் கொடுத்தான். படத்தில் இல்லாததை எங்கிருந்து தூக்குவது, சாம்பல் பூசின மாதிரி வந்தது. அக்காவின் மாமியார் அந்த முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தெருவே கேட்க, “இப்பத்தான் பாக்கும்படியா இருக்கா” என்றாள். அந்த அத்தைதான் இன்றைக்கு டேப்லெட்டில் வீடு பார்க்கப் போகிறாள்.

ஆமாம், அந்த ‘ஃபேமிலி’களில் ஒன்று அக்கா குடும்பம். இது ரகோத்தமனுக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பார், நல்லதாப் போச்சும்மா, நீயே சொல்லி முடிச்சுக் குடுத்துரு என்பார். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதுதான் அக்கா போனில் பேசி அனுப்பியிருந்தது காதில் விழுந்தது: “சுகி, இன்னைக்கு சாயங்காலம் வீடு பாக்கப் போறோம்ட்டி. நீ குரூப்புல போட்டேல்லா ஒரு ஹால் படம், அதே வீடுதான், மூணாவது மாடி. உன் தங்கச்சி செஞ்ச படமான்னு அத்தைகூட கேட்டாக. பிடிச்சிருந்தா இன்னைக்கே முடிச்சிருவோம்னு உங்க அத்தான் சொல்லுதாக.” அந்தப் படமா! அது படமே இல்லை. வேலை ஆரம்பித்த புதிதில், ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே வைக்காமல், வெறும் வெள்ளையை விளக்குபோல எரியவிட்டுச் சோதனைக்கு எடுத்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் முதல்நாள் அப்படித்தான் எடுப்பார்கள். எடுத்ததோடு கிடந்திருக்க வேண்டியதுதானே? தரையில் வெளிச்சம் விழுந்த அழகில் மயங்கி, எப்படி இருக்கு என்று குடும்ப குரூப்பில் போட்டாளே, அந்தக் கையை என்ன செய்யலாம்? அக்கா மட்டும்தான் பதில் போட்டிருந்தாள், “எவ்வளவு வெளிச்சம்டி” என்று. அவள் வேறென்ன கேட்பாள். புரசைவாக்கத்தில் தரைத்தளத்தில் பின்கட்டு. காலையில் எழுந்தால் முதலில் டியூப்லைட், அப்புறம்தான் மற்றதெல்லாம். அக்கா படுக்கிற அறையில் ஜன்னல் கிடையாது, அட்டைப்பெட்டி அளவுக்கு மேலே ஒரு ஓட்டை, அதிலும் அத்தை பூனை வருகிறது என்று பலகை அடித்துவிட்டாள். துணி காய்ந்த வாசனை என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கைகால் குடைச்சல் என்று போனபோது டாக்டர் தினமும் கொஞ்சம் வெயிலில் நில்லுங்கள் என்றாராம், அக்கா சிரித்துவிட்டாளாம். சிரிப்பாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலும் சுகிர்தாவுக்கு எரியும். இத்தனை வருஷம் அந்தக் குகையில் கிடந்துவிட்டு, கடைசியில் ஒரு வீடு என்று கிளம்பி, தங்கச்சி போட்ட படத்தை நம்பி, கக்கூஸ் குழாய்க்கு எதிரே போய் உட்காரப் போகிறாளே. போனை எடுடி, எருமை. அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. ஆட்டோவில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், பையைத் திறந்தால்கூட என்ன எடுக்கிறாய் என்று கேட்கிறவள். விஷயத்தை எழுதி அனுப்பலாம். அனுப்பினால் அத்தான் படிப்பார், அத்தானே உரக்கப் படிப்பார். சதுரம் டீப்பாய்க்கு வந்துவிட்டது. டீப்பாய்மேல் யாரும் படிக்காத ஒரு புத்தகம், யாரும் கடிக்காத பச்சை ஆப்பிள்கள். இந்த ஆபீஸில் செய்கிற எல்லா வீட்டிலும் இதே பச்சை ஆப்பிள்தான். எந்த வீட்டில் ஹாலில் பச்சை ஆப்பிள் கிடக்கிறது?

கத்த வேண்டும்போல இருக்கிறது. கத்திப் பழக்கமில்லை, அதுதான் சங்கடம். வீட்டில் கத்துகிற உரிமை அப்பாவுக்கு மட்டும் எழுதி வைத்திருந்தது. ரசத்தில் உப்பு கூடினால் கத்துவார், கரண்ட் போனால் கத்துவார், கத்தி முடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார். அம்மா “ம்” என்பாள். அம்மாவின் ‘ம்’க்குள் என்னென்ன இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் பார்த்தாள் சுகிர்தா, பின்வாசலில் தேங்காய் உடைக்கும்போது. அம்மா உடைத்த தேங்காயைத் திரும்பவும் உடைத்தாள், சில்லாக்கினாள், சில்லைப் பொடியாக்கினாள், நிறுத்தவே இல்லை. அப்புறம் தண்ணீர் தெளித்துக் கூட்டித் தள்ளிவிட்டு உள்ளே போய், “இன்னும் ரெண்டு தோசை வைக்கட்டுமா” என்று கேட்டாள். அத்தனை பெரிய வெளிச்சத்தை அந்தச் சின்ன ‘ம்’க்குள் நசுக்கி வைத்திருந்தாளே, அவளைவிட யாருக்கு டோன் மேப்பிங் தெரியும். அந்த ‘ம்’தான் வளர்ந்து, படித்து, சென்னைக்கு வந்து, ‘சரி சார்’ ஆகியிருக்கிறது. இந்த ஆபீஸில் அவளுக்குப் பெயரே ‘கூல் சுகி’. பக்கத்து மேஜை இர்ஃபான்தான் வைத்தான், காதில் எப்போதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மரங்களும் செடிகளும் செய்கிறவன். கூலாம். போன வாரம் ரகோத்தமனிடம் நியாயமாக ஒன்று கேட்டுப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு வெள்ளையாவது அடிக்கச் சொல்லுங்கள் சார், வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமே ஹாலுக்குப் பாதி வரும், நான் போட்டுப் பார்த்துவிட்டேன் என்றாள். “அடுத்தவன் சுவத்துக்கு நம்ம எப்படிம்மா வெள்ளையடிக்கிறது? நீ படத்துல அடி, அது போதும்” என்றார். அதற்கும் சரி சார். சொல்லும்போது சிரித்தாள்கூட. அக்காவைச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது. அதுவும் இந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு, படம் கை மாறியதும் முழு வெளிச்சமும் இருக்கிற பெரிய ஃபைலை அழித்துவிட வேண்டும். சர்வரில் இடம் அடைக்கிறதாம். நசுக்கின படம் மட்டும் மிஞ்சும். அதில் வெள்ளையாக விட்டது வெள்ளைதான், அப்புறம் யார் வந்து எவ்வளவு இருட்டாக்கிப் பார்த்தாலும் அங்கே வெறும் சாம்பல்தான் வரும், சுவர் வராது, அக்கா முகம் வராத மாதிரி. இத்தனை வருஷமாக எத்தனை ஜன்னல்களை அழித்திருப்பாள். ஒன்றில்கூட வெளியே என்ன இருந்தது என்று இப்போது அவளுக்கே ஞாபகம் இல்லை. கை விறைக்கிறது. மவுஸை இவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பது இப்போதுதான் தெரிகிறது.

சதுரம் ஜன்னலுக்கு வந்துவிட்டது. முதலில் திரைச்சீலையின் ஓரம், பிறகு கம்பி, பிறகு சுவர். தெளிந்தது, முடிந்தது. செய்வதைச் செய்யட்டும் என்று கோபமே கையைப் பிடித்துக்கொண்டுபோன மாதிரி இருந்தது. நசுக்காமலே எடுத்தாள். முழு ஃபைலையும், வெயில் வெயிலாகவும் இருட்டு இருட்டாகவும், அப்படியே. டேப்லெட்டில் ஓடுகிற மென்பொருளில் ஒரு வசதி உண்டு, யாரும் தொடாத வசதி. அதைப் போட்டுவிட்டால் அது நம் கண் மாதிரி நடந்துகொள்ளும். ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஜன்னல் வெள்ளையாக இருக்கும். டேப்லெட்டை ஜன்னல் பக்கம் திருப்பினால் கொஞ்சம் கூசி, பழகி, வெளியே இருப்பதைக் காட்டும். போட்டாள். தன் திரையிலேயே ஒருதரம் திருப்பிப் பார்த்தாள். சோபா, பூஜை அலமாரி, திரும்பினால் ஜன்னல், வெள்ளை. வெள்ளை மெல்ல வடிந்தது, குழாய் வந்தது, கறை வந்தது, கடைசியாக நிழலுக்குள்ளிருந்து அரசங்கன்று வந்தது. பாருங்கள். எல்லாரும் நன்றாகப் பாருங்கள். அத்தை பார்க்கட்டும், அத்தான் பார்க்கட்டும், பில்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு இந்த ரகோத்தமனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கட்டும், ரகோத்தமன் வந்து என்னைக் கேட்கட்டும், கேட்டால் சொல்வேன், என்ன சொல்வேன், அப்போது வாயில் வருவதைச் சொல்வேன். ஏற்றிவிட்டாள். பச்சைக் கோடு மெல்ல வளர்ந்தது. பெரிய ஃபைல், நேரமாகும். கோபம் ஒருமுறை பஸ்ஸைப் பிடித்துவிட்டது என்பதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அப்போதுதான் போன் அதிர்ந்தது. அக்கா.

“எத்தன தடவ அடிச்சிருக்க! என்னட்டி, யாருக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. நீ எங்க இருக்க? சைட்டுக்குப் போயாச்சா?”

“வந்தாச்சு. அத்தையும் உங்க அத்தானும் உள்ள ஏசில உக்காந்திருக்காக. படம் ஏறிக்கிட்டிருக்காம், கொஞ்ச நேரம் ஆகும்னாங்க. தண்ணி குடிக்கன்னு நான் வெளிய வந்தேன்.” அவளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் தடதடத்தது.

சுகிர்தா எழுந்து மாடிப்படிக்குப் போனாள். “அக்கா, நான் சொல்லுததக் கேளு. அந்த ஹால் ஜன்னல்ல வெளிச்சம் வராது. எதுக்கால பக்கத்துக் கட்டடத்துச் சுவரு. கக்கூஸ் குழாயி. நான் குரூப்புல போட்ட படத்துல வெளிய ஒண்ணுமே வைக்கல, அதான் அப்படி வெள்ளையா இருந்துச்சு. நம்பிராதக்கா. எப்படியாவது வேண்டாம்னு சொல்லிட்டு வா.”

“தெரியும்ட்டி” என்றாள் அக்கா.

“என்ன தெரியும்?”

“சுவரு. போன வாரமே காய்கறி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்து பாத்துட்டேன். வாட்ச்மேன் மேல கூட்டிட்டுப் போனாரு. பாத்துட்டுத்தான் இந்த வீடு போதும்னு உங்க அத்தான்ட்ட சொன்னேன்.”

“போதுமா? கைய நீட்டுனா தொட்டுரலாம்க்கா அந்தச் சுவர!”

“நீட்டிப் பாத்தேன். எட்டல.” அக்கா சிரித்தாள். “இப்ப இருக்கிற வீட்டுல எனக்குக் கைய நீட்ட ஜன்னல் இருக்கா? ஆறடின்னாலும் அது என் ஜன்னலுக்கு வெளிய இருக்கிற ஆறடி. அப்புறம், அந்தச் சுவருல உச்சிக்கு முன்னால ஒரு கோடு வெயிலு விழுது சுகி. குழாய ஒட்டி. அது போறவரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“அதுக்காக...”

“நீ கேளு மொதல்ல. அத்தைக்குச் சுவரு மட்டும் தெரிஞ்சுதுன்னா, இது என்ன குருட்டு வீடுன்னு எந்திரிச்சிருவாக. எப்படா எந்திரிக்கலாம்னுதான் வந்திருக்காக. முட்டிவலி, மாடி ஏற மாட்டாக, படத்தத்தான் பாப்பாக. உங்க அத்தான் அவுக முகத்தப் பாப்பாக. இது விட்டா இனிமே வீடுன்னு எவரும் பேச மாட்டாக. நீ அன்னைக்குப் போட்ட படம் மாதிரியே வெள்ளையா விட்டுருட்டி. எனக்காக.”

சுகிர்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஒரு கோடு வெயில் போதுமாம் இவளுக்கு. அதையும் காய்கறிப் பையோடு திருட்டுத்தனமாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

“என்ன, அழுதியா?”

“இல்ல. கோவம்.”

“யாரு மேல?”

“தெரியல. எல்லார் மேலயும். ஒம்மேலதான் ஜாஸ்தி.”

“அப்புறமா கோவப்படு. மொதல்ல படத்த மாத்து, கூப்பிடுதாக.”

“சரிக்கா” என்றாள். அதே ‘சரி’. ஓடிவந்து பார்த்தபோது பச்சைக் கோடு முக்கால்வாசி போயிருந்தது. நிறுத்தினாள். முழு ஃபைலைத் திறந்தாள். நேரம் இல்லை, ஆனாலும் நசுக்குவதற்கு முன்னால் ஜன்னலை இருட்டாக்கி, குழாய்க்குப் பக்கத்தில் தேடினாள். இருந்தது. தையல் நூல் தடிமனில் ஒரு வெயில், குழாயை ஒட்டிக் கீழே இறங்கியிருந்தது. இவளே எடுத்தது, இவளே சேர்த்தது, இவளே எத்தனையோ நாள் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரைத் திட்டுகிற மும்முரத்தில் இது கண்ணில் படவே இல்லை. அக்கா கண்ணில் முதல்நாளே பட்டுவிட்டது. இனி வெளிச்சத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால் முதலில் சாகிறது எது என்று அவளுக்குத் தெரியும். ஏற்றினாள். முதலில் அந்தக் கோடுதான் வெள்ளைக்குள் போனது. அதன் பிறகு சிமெண்டு, பிறகு குழாய்கள், பிறகு கறை. நிழலில் இருந்ததால் அரசங்கன்று மட்டும் கடைசிவரை பிடிவாதமாக நின்றது, அதையும் தள்ளினாள். ஹால் ஜொலித்தது. பச்சை ஆப்பிள்கள் மின்னின. பில்டர் கேட்டது, ரகோத்தமன் கேட்டது, அக்கா கேட்டது, மூன்றும் ஒரே படமாகப் போயிற்று. யார் கேட்டதற்காகச் செய்தாள் என்பது படத்தில் எங்கேயும் தெரியாது. சின்னப் படம், உடனே ஏறிவிட்டது. மேஜைமேல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அங்கே அத்தையின் கையில் டேப்லெட் திரும்புகிறது, ஜன்னலுக்கு வந்துவிட்டது, வெள்ளை, அத்தான் அத்தை முகத்தைப் பார்க்கிறார், அக்கா யாரையும் பார்க்காமல் தரையைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போன் அதிர்ந்தது. “முடிஞ்சுது. வெளிச்சம் கண்ணு கூசுது, மத்தியானம் தூங்க முடியாதேன்னாக அத்தை” என்று எழுதியிருந்தாள் அக்கா. பக்கத்தில் ஒரு சூரியன் படம்.

கண்ணாடிக் கதவு திறந்தது. ரகோத்தமன் வந்து அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். “பாத்தியா? இப்ப எவ்ளோ நல்லா இருக்கு! அங்கேருந்து போன் வந்துச்சு, வந்த உடனே ஒரு ஃபேமிலி முடிச்சிட்டாங்களாம். இதுக்குத்தாம்மா சொல்றது.” நாற்காலி முதுகைத் தட்டினார். ஒரு தட்டு. இரண்டு தட்டு. “அந்தப் பெரிய ஃபைலை மறக்காம அழிச்சிரு. சர்வர்ல இடமே இல்ல.”

“அழிக்க மாட்டேன்.”

அவருக்குக் காதில் சரியாக விழவில்லை போலும். போகத் திரும்பியவர் நின்றார். “என்னம்மா?”

“அழிக்க மாட்டேன்னு சொன்னேன்.” எழுந்து நின்றுவிட்டிருந்தாள். அது இத்தனை பெரிய சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடி அறையில் பட்டுத் திரும்பி வந்தது. இர்ஃபான் ஹெட்போனைக் கழற்றினான். வரிசையாகத் தலைகள் திரும்பின. “அதுல ஒரு சுவர் இருக்கு. சுவத்துல வெயில் விழுது. அது எங்க அக்கா வீடு. அதை யாரும் தொடக் கூடாது.”

“கோவப்படாதம்மா, என்ன இது, நீ போயி... நான் என்ன சொல்லிட்டேன், இடம் இல்லைன்னுதானே...”

“இடம் இல்லன்னா இடம் பண்ணுங்க” என்றாள் சுகிர்தா.

சார் என்ற சொல் அதில் இல்லை என்பதை எல்லாரும் கவனித்தார்கள். அவர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் ஜன்னல் வெள்ளையாக இருந்தது.